பார்ஸ்லி என்றால் பச்சை வெல்வெட்

'கார்னிஷ்' என்ற சொல்லுக்கு வந்ததும் நான் நின்றுவிட்டேன்.

அடுப்படித் தரையில் உம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே தாம்பாளத்தில் முழுக்கோழி ஒன்று கால்களைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. ராத்தா, என் அக்கா, எலுமிச்சம்பழத்தைப் பிழிவதா வேண்டாமா என்று கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் நாலு பேரில் கோழி ஒன்றுக்குத்தான் அவசரம் இல்லை.

"ஏன் நிறுத்திட்டே? அப்புறம் என்ன செய்யணும்னு சொல்லு" என்றார் உம்மா.

யோசிக்க வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

என் கையில் மெலிந்த ஓர் இங்கிலீஷ் சமையல் புத்தகம். படம் கிடையாது. வாப்பா சவுதியிலிருந்து அனுப்பிய வட்டமான கரண்ட் அடுப்போடு வந்தது. கண்ணாடி மூடி போட்ட அந்த அடுப்பு வந்து வெகுநாளாகியும் அதில் யாரும் எதையும் சமைத்ததில்லை. முறுக்கு நமத்துப் போகாமல் வைக்க நல்ல பாத்திரம் என்று உம்மா அதற்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். இப்போது முறுக்கை வெளியே எடுத்துவிட்டுக் கோழியை உள்ளே வைக்க வேண்டிய கட்டாயம் வந்திருந்தது.

கட்டாயத்துக்குக் காரணம் நான்தான்.

கோழியை நம்பிய காலேஜ்

அதிராம்பட்டினத்தில் எங்கள் தெருவில் அந்த நாளில் ஆண்கள் என்றால் லீவில் வந்தவர்கள், அல்லது விசாவுக்குக் காத்திருப்பவர்கள். மற்றவர்கள் சவுதி, துபாய், சிங்கப்பூர் என்று இருந்தார்கள். பெண் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்தால் அதுவே பெரிய படிப்பு. நான் முடித்துவிட்டேன். அதோடு நிற்காமல், தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கி இங்கிலீஷ் பி.ஏ. படிக்க வேண்டும் என்று வேறு ஆரம்பித்துவிட்டேன்.

வாப்பா போனில் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதையும் நேரே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை அவர். மாப்பிள்ளையைக் கலந்துகொள்ளுங்கள் என்றார். மாப்பிள்ளை என்றால் ராத்தாவைக் கட்டியவர், எனக்கு மச்சான். கல்யாணம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி பெண் வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், தங்கியிருந்தார். துபாயில் பெரிய கம்பெனியில் வேலை. அங்கே பெரிய பெரிய ஓட்டல்களில் சாப்பிட்ட கதைகளை அவர் முன்கட்டில் உட்கார்ந்து சொல்ல, நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்போம். மச்சான் முன்னால் கொழுந்தியாள் போய் நிற்கிற பழக்கம் அப்போது எங்கள் வீட்டில் இல்லை. அவரை நான் அறிந்திருந்தது ஒரு குரலாகவும், வாசலில் கிடக்கும் ஒரு ஜோடிச் செருப்பாகவும்தான்.

உம்மா ஒரு திட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து மாப்பிள்ளை கூட்டாளிகளோடு விருந்துக்கு உட்காருவார். அன்றைக்கு இந்தப் புத்தகத்தைப் பார்த்து இங்கிலீஷ் சாப்பாடு ஒன்று செய்து வைப்பது. அவர் வாயால் நன்றாயிருக்கிறது என்று சொன்னதும், படித்துச் சொன்னது சின்னவள்தான், அவளைக் காலேஜில் சேர்க்கலாமா என்று அதே சூட்டில் கேட்டுவிடுவது.

ஆக, கோழி வெந்தால் எனக்குத் தஞ்சாவூர். கோழி தீய்ந்தால் அடுத்த மாப்பிள்ளை விருந்து என் மாப்பிள்ளைக்கு. எனக்குக் கல்யாணத்தின்மேல் கோபம் ஒன்றும் இல்லை. படித்துவிட்டுச் செய்துகொள்ளலாமே என்றுதான் இருந்தது. அன்று அந்தக் கோழியைப் பார்த்து நான் பயந்ததுபோல எந்தப் பரீட்சைத் தாளைப் பார்த்தும் பயந்ததில்லை.

அக்கம்பக்கம் விசாரித்தல்

அர்த்தம் தெரியாவிட்டால் அகராதியைப் பார்ப்பதுதானே என்பீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் அகராதி இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. திறந்தால் புத்தகம் அழுக்காகிவிடும் என்பதால், நான் படித்து முடிக்கும்வரை அது மிகவும் சுத்தமாக இருந்தது.

அதனால் நானே ஒரு வழி வைத்திருந்தேன். தெரியாத சொல் வந்தால் அதற்கு முன்னால் யார் நிற்கிறார், பின்னால் யார் நிற்கிறார் என்று பார்ப்பேன். அக்கம்பக்கத்தை விசாரித்தால் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் எங்கள் தெருவில் அப்படித்தான் செய்வார்கள்.

இது தமிழுக்கும் உதவியது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கோடையில் பேப்பரைத் திறந்தால் 'அன்னியச் செலாவணி' என்றே இருந்தது. அன்னியச் செலாவணிக் கையிருப்பு குறைந்துவிட்டது, வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்புவது கைகொடுக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். செலாவணி என்றால் என்ன என்று உம்மா கேட்டார். நான் அக்கம்பக்கத்தை விசாரித்தேன். வெளிநாட்டிலிருந்து வருவது. வேலை செய்கிறவர்கள் அனுப்புவது. வீட்டில் கையிருப்பாக வைத்துக்கொள்வது. சீக்கிரம் தீர்ந்துபோவது. எங்கள் அலமாரியைத் திறந்தால் சாட்சாத் அதுதான் இருந்தது: பால்மாவு டின், ஆரஞ்சுத் தூள், வாசனை சோப்பு, தலைவலித் தைலம்.

நாட்டில் இதெல்லாம் தீர்ந்துகொண்டு வருகிறதாம் என்று நான் சொன்னதும் உம்மா பதறிவிட்டார். உம்மாவுக்குப் பூட்டுகளின்மேல் உள்ள பிரியத்தைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அன்று சாயங்காலமே அலமாரிக்குப் பூட்டு வந்தது. விருந்தாளிகளுக்கு ஆரஞ்சுத் தூள் கரைப்பது நின்று மோர் வந்தது. செய்தி பக்கத்து வீட்டுக்கும் போனது. அந்தக் கோடை முழுக்க எங்கள் தெருவே நாட்டுக்காகச் சோப்பை மிச்சம் பிடித்தது. நெருக்கடி நீங்கிவிட்டதாகப் பிற்பாடு பேப்பரில் வந்தபோது, அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்று உம்மா நம்பினார். நான் மறுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, ஒரு தென்னந்தோப்பு வாங்கினார். பழைய பத்திரத்தைப் படித்துச் சொல் என்று என்னிடம் கொண்டு வந்தார். வரிக்கு வரி 'மஜ்கூர்' என்று இருந்தது. மஜ்கூர் கிராமம், மஜ்கூர் நிலம், மஜ்கூர் வாய்க்கால். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னேன், மஜ்கூர் என்பவர் அந்தக் காலத்துப் பெரிய மனுஷர், இந்தப் பக்கத்தில் கிராமமும் வாய்க்காலும்கூட அவர் பேரில்தான் இருந்திருக்கின்றன என்று.

பெரிய மாமா அதை மனதில் வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய குடும்பத்தின் தோப்பை வாங்கியிருக்கிறோம், ஒருமுறை போய்ப் பார்த்து சலாம் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்று, மஜ்கூர் சாகிபு வீடு எது என்று பட்டுக்கோட்டை வரை விசாரித்தார். கடைசியில் பத்திரம் எழுதுகிறவர்தான் 'மஜ்கூர்' என்றால் 'மேற்படி' என்று அர்த்தம் சொன்னாராம். மாமா வெறும் வாயோடு திரும்பி வரவில்லை. நான் கேட்க வேண்டியதை எல்லாம் தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

பார்ஸ்லியைப் பிடித்த விதம்

கோழிக்கு வருகிறேன்.

புத்தகத்தின் முதல் சில சொற்கள் சுலபமாக வழிக்கு வந்தன. 'மாரினேட்' என்று ஒன்று. எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், உப்பு எல்லாம் தடவி, கோழியை இரவு முழுக்க அப்படிச் செய்யச் சொன்னது. மசாலா தடவின கோழியை இரவு முழுக்க வேறு என்ன செய்ய முடியும்? ஊறப் போடலாம். 'சிம்மர்' என்று ஒன்று. குழம்பை அரைமணி நேரம் அப்படி வைக்க வேண்டும். எரிகிற தீயில் அரைமணி நேரம் வைத்தால் குழம்பு இருக்காது, சட்டிதான் இருக்கும். ஆகவே சிறு தீ. இரண்டும் சரி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

நாலு பேருக்குப் பரிமாறலாம் என்றிருந்ததில் யோசிக்கவே ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் விருந்தென்றால் பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து வைப்பார்கள், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலேயே கை வைத்துச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்கு சகன் என்று பேர். வெள்ளைக்காரர்களும் சகனில்தான் சாப்பிடுகிறார்கள் என்று அறிந்ததும் உம்மாவுக்கு அவர்கள்மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

கடைசி வரியில்தான் மாட்டிக்கொண்டேன். கோழியை 'ஸ்ப்ரிக் ஆஃப் பார்ஸ்லி' கொண்டு 'கார்னிஷ்' செய்து பரிமாறவும் என்றிருந்தது. ஒரே வரியில் மூன்று முன்பின் தெரியாதவர்கள்.

கார்னிஷ் என்பது பரிமாறுவதற்குச் சற்று முன்னால் செய்கிற வேலை. அதுவரை தெரிந்தது. உம்மாவைக் கேட்டேன், கோழி வெந்து சகனில் வைத்தாகிவிட்டது, முன்கட்டுக்குக் கொண்டு போகப் போகிறோம், அதற்கு முன்னால் என்ன செய்வீர்கள் என்று.

"துணி போட்டு மூடுவேன்" என்றார் உம்மா. "மாப்பிள்ளைக்குப் போற சாப்பாட்டைத் திறந்தா கொண்டு போவாங்க?"

விளங்கிவிட்டது. கார்னிஷ் என்றால் மூடுவது. எதைக் கொண்டு மூடுவது? பார்ஸ்லியைக் கொண்டு. ஆகவே பார்ஸ்லி என்பது மூடுதுணி. நடுவில் நின்ற ஸ்ப்ரிக், ஒரு துண்டுத் துணி என்கிறோமே, அந்தத் துண்டு.

தின்கிற சாமானாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றாள் ராத்தா. அவளுடைய மாப்பிள்ளை என்பதால் அவளுக்குக் கவலை கூடுதல். நான் புத்தகத்தைக் காட்டினேன். தின்கிற சாமான் ஒவ்வொன்றுக்கும் கரண்டி, கப், ஔன்ஸ் என்று அளவு போட்டிருந்தது. பார்ஸ்லிக்கு அப்படி எதுவும் இல்லை. துணிக்கு ஏது கரண்டிக் கணக்கு? அதற்கும் மேலே அடுத்த வரியில் ஒரு சாட்சி இருந்தது. கோழியை வெட்டுவதற்கு முன்னால் பார்ஸ்லியை எடுத்துவிடவும் என்று போட்டிருந்தது.

துணியை எடுக்காமல் எப்படி வெட்டுவார்களாம், இதையுமா எழுத வேண்டும் என்றார் உம்மா. ராத்தா எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டாள்.

தேவையான சாமான்களின் கடைசியிலும் பார்ஸ்லி இருந்தது. உப்பு மிளகோடு துணியையும் மறக்காமல் எழுதிய ஒழுங்கை உம்மா வாயாரப் புகழ்ந்தார். ராத்தாவின் சீரோடு வந்த பச்சை வெல்வெட் துணி பெட்டியிலிருந்து வெளியே வந்தது. ஓரமெல்லாம் சரிகை, நாலு மூலையிலும் குஞ்சம். நல்ல பார்ஸ்லி.

மச்சான் வாய் திறந்தார்

வெள்ளிக்கிழமை கரண்ட் போகவில்லை. எங்கள் ஊரில் அதுவே பாதி வெற்றி. கோழி கண்ணாடி மூடிக்குள் செக்கச் செவேலென்று வெந்தது. சகனில் நெய்ச்சோற்றைக் குவித்து அதன்மேல் கோழியை உட்கார வைத்து, அதன்மேல் வெல்வெட்டைப் போர்த்தினோம். கால்கள் தூக்கி நின்றதால் துணி நடுவில் கூடாரம் மாதிரி எழும்பியிருந்தது. பெரிய மாமா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்கட்டுக்குப் போனார். மச்சானும் மூன்று கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கதவுக்குப் பின்னால்.

மாமாவுக்கு மெதுவாகப் பேச வராது.

"மாப்பிள்ளை, இது இங்கிலீஷ் சமையல். துணி போட்டு மூடித்தான் வைக்கணும்னு புத்தகத்துலயே இருக்காம். துபாய்ல நீங்க போற ஓட்டல்ல எல்லாம் இப்படித்தானே?"

மச்சான் ஒரு தடவை செருமினார். துணி இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் இங்கிலீஷும் போச்சு, தஞ்சாவூரும் போச்சு. ராத்தா என் தோளைப் பிடித்த பிடியில் அவள் எனக்காகப் பயப்படுகிறாளா, மாப்பிள்ளைக்காகப் பயப்படுகிறாளா என்று தெரியவில்லை.

"ஆமா மாமா" என்றார் மச்சான் கடைசியில். "பெரிய இடத்துல எல்லாம் துணியோடதான் வரும்."

மாமா அதோடு விடாமல், அதற்கு ஏதோ பேர் சொன்னார்களே என்று இழுத்தார். உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து பேரை எடுத்துக் கொடுத்தார்.

"பார்ஸ்லிதான்" என்றார் மச்சான். "சில ஓட்டல்ல வெள்ளை பார்ஸ்லி போடுவாங்க. பச்சைதான் ஒசத்தி."

அந்த நிமிஷத்தில் மச்சானை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நான் யோசித்துக் கண்டுபிடித்த ஒன்றை, கடல் தாண்டிப் போய்க் கண்ணால் பார்த்த ஒருவர் சரி என்று சொல்வதைப்போல ஆனந்தம் வேறு இல்லை. கோழி சகனை விட்டுக் காணாமல் போனதும் உம்மா கேட்க வேண்டியதைக் கேட்டார். நல்ல இங்கிலீஷ், தாராளமாகப் படிக்கட்டும் என்றார் மச்சான். அன்று இரவு போனில் வாப்பா, மாப்பிள்ளையே சொல்லிவிட்டாரா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சரி என்றார்.

ஆடு தின்ற பார்ஸ்லி

தஞ்சாவூரில் முதல் வருஷம் ஒரு பாடத்தில் பார்ஸ்லி மறுபடி வந்தது. வெளியூர் பஸ் ஸ்டாண்டில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்ததுபோல எனக்குச் சந்தோஷம்.

ஒரு தோட்டத்துக்குள் ஆடு நுழைந்து பார்ஸ்லியைத் தின்றுவிட்டது என்றிருந்தது. எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் தெரு ஆடுகள் கொடியில் காயும் கைலியைப் பாதி தின்றுவிட்டு, மீதியை இழுத்துக்கொண்டு போகும். தோட்டத்துக்கார அம்மாள் தினமும் காலையில் பார்ஸ்லிக்குத் தண்ணீர் ஊற்றுவாள் என்று அடுத்த வரி. துவைக்கிறவள் நனைக்கத்தானே வேண்டும்? அதற்கடுத்த வரியில், மழைக்குப் பிறகு பார்ஸ்லி நன்றாக வளர்ந்தது என்று வந்தது.

அங்கேதான் புத்தகத்தை மூடினேன். எங்கள் பக்கத்தில் மழையில் நனைந்தால் துணி சுருங்கும். வளர்ந்து பார்த்ததில்லை.

அந்தக் காலேஜ் நூலகத்தில் அகராதிக்குப் பூட்டு இல்லை. எடுத்துப் பார்த்தேன். கொத்தமல்லிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கீரை அது. அலங்காரத்துக்காகச் சாப்பாட்டின்மேல் ஒரு சின்னக் கொத்து வைப்பார்களாம். நூலகத்திலிருந்து என்னை வெளியே போகச் சொல்லும்வரை சிரித்தேன். வராந்தாவில் போய் நின்றதும் பயம் வந்துவிட்டது. வாப்பாவுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும்? வெள்ளை பார்ஸ்லி சாப்பிட்ட மச்சானை நினைத்ததும் மறுபடி சிரிப்பு வந்தது.

பெட்டி உடைத்த நாள்

இரண்டாம் வருஷம் முடிந்த லீவில் வாப்பாவும் மச்சானும் ஒரே சமயத்தில் ஊருக்கு வந்தார்கள். எனக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் ஒன்று வந்திருந்தது. படித்த வரைக்கும் போதாதா என்று வாப்பா உம்மாவிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

கயிறு சுற்றி டேப் ஒட்டி வரும் அட்டைப்பெட்டிகளைப் பிரிப்பது எங்கள் வீட்டில் ஒரு பெருநாள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அதற்குள் நானும் முக்காடு போட்டுக்கொண்டு மச்சான் இருக்கிற இடத்துக்கு வரத் தொடங்கியிருந்தேன். மச்சான் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு குட்டிப் புட்டியை எடுத்து, சின்னவளுக்கு என்று தனியாக வைத்தார். உள்ளே ஏதோ பச்சையாகக் காய்ந்த தூள். வாப்பா எடுத்து, மேலே இருந்த பெரிய எழுத்தைக் கூட்டிப் படித்தார். பார்ஸ்லி.

உம்மா அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். "துணியைப் பொடி பண்ணியா விக்கிறாங்க?"

மச்சானுக்கு அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கம்பெனி பெரியதுதான், ஆனால் அவருக்கு வேலை குடோனில். ஓட்டல் கதைகள் எல்லாம் கூட வேலை பார்த்தவர்கள் சொன்னவை. விருந்துக்குப் பிறகு துபாய் திரும்பியதும் முதலாளி ஒரு நாள் எல்லாரையும் நிஜமாகவே பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். கோழி மூடாமல் வந்தது. மச்சான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, பார்ஸ்லி எங்கே என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டிருக்கிறார். ஒரு சின்னத் தட்டில் ஒரு கொத்துக் கீரை வந்தது. இது பத்தாது, தட்டு முழுக்க வர வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு கட்டு வந்தது. முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததால் முழுக்கட்டையும் தின்றுவிட்டாராம்.

ராத்தா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். உம்மாவும் சிரித்தார். வாப்பாவும் முதலில் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"அப்ப அன்னிக்கு இவ படிச்சுச் சொன்னது தப்பு" என்றார். "தப்பான இங்கிலீஷை நம்பி ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல விட்டிருக்கோம். போதும். வந்த சம்பந்தத்தைப் பேசி முடிப்போம்."

எனக்காகப் பேசியிருக்கக்கூடியவர் மச்சான் ஒருவர்தான். முழுக்கட்டுக் கீரையைத் தின்ற கதையைச் சொன்ன வாயால் அவர் அதற்குமேல் எதற்கும் சாட்சி சொல்ல முடியாது.

உம்மா புட்டியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏங்க, அவளுக்குச் சரியா தெரிஞ்சிருந்தா எதுக்குக் காலேஜுக்கு அனுப்பணும்? தெரியாததுனாலதானே அனுப்பினோம். இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கு."

வாப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். அதை விட்டுவிட்டு உம்மாவிடமிருந்து புட்டியை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் எதையோ தேடினார். பிறகு ஒரு நீளமான சொல்லின்மேல் விரலை வைத்து என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

நான் பார்த்தேன். முன்னால் நிற்கிறவரைப் பார்த்தேன், பின்னால் நிற்கிறவரைப் பார்த்தேன். ஓர் அர்த்தம், அதுவும் நல்ல அர்த்தம், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"தெரியல வாப்பா."

வாப்பா புட்டியை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"சரி. தஞ்சாவூர் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு."